நீர்மேல் எழுந்த புகை

எங்கள் அடுக்ககத்தில் மூன்றாவது மாடிப் பையன் கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, நான் விளக்கேற்றும் நேரம் பார்த்து, ஒரே ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். கிட்டார் கற்கிற எந்தப் பிள்ளையும் முதலில் வாசிப்பது இதைத்தான். டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்துக் குழுவின் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டின் ஆரம்பம். என் மனைவிக்குத் தலைவலி. எனக்கு 1974ஆம் வருஷத்து ஹாஸ்டல் ஞாபகம்.

எங்கள் விடுதியில் ஒருவனுடைய அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். அவர் லீவில் வரும்போது சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த கேசட்டுகளில் இந்தப் பாட்டு இருந்தது. நாலைந்து பேர் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். இசை பிடிபட்டது, வார்த்தைகள் பிடிபடவில்லை. அந்த உச்சரிப்பில் எங்களுக்குப் பாதிகூடப் புரியாது. தண்ணீர், புகை, நெருப்பு, வானம் என்று தனித்தனியாகச் சில சொற்கள் மட்டும் காதில் விழும். ஒருவன் இது வியட்நாம் யுத்தத்தைப் பற்றிய பாட்டு, எரிவது அமெரிக்கக் கப்பல் என்று அடித்துச் சொன்னான். இன்னொருவன், இல்லை, கஞ்சா விஷயம்தான் மறைமுகமாகச் சொல்கிறார்கள் என்றான். நான் வியட்நாம் கட்சி.

இரண்டு கட்சியும் தவறு. அந்தப் பாட்டில் உவமை கிடையாது, மறைபொருள் கிடையாது. ஒரு ஊரில் ஒரு கட்டடம் தீப்பிடித்தது. அதை நேரில் பார்த்தவர்கள், பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார்கள். அவ்வளவுதான்.

இது தெரிந்தது எனக்கு ரொம்பப் பிற்காலத்தில். அதற்குள் பொதுக் காப்பீட்டில் தீ விபத்துப் பிரிவில் பல வருஷம் ஓடியிருந்தது. பாட்டின் வரிகளை அச்சில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது பாட்டே இல்லை, சர்வேயர் ரிப்போர்ட்! எந்த ஊர், எதற்காகப் போனோம், தீ எப்படி மூண்டது, யார் மீட்டார்கள், என்ன நஷ்டம், அப்புறம் வேலையை எங்கே தொடர்ந்தோம் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. தேதியை நான் சொல்லிவிடுகிறேன்: 1971 டிசம்பர் 4, சனிக்கிழமை.

ஊர், சுவிட்சர்லாந்தில் ஜெனிவா ஏரியின் கிழக்குக் கரையில் இருக்கும் மோன்த்ரே. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஆல்ப்ஸ் மலை. பக்கத்திலேயே தண்ணீரை ஒட்டி ஷியோன் கோட்டை. அதை வைத்துத்தான் பைரன் தன் புகழ்பெற்ற கைதிக் கவிதையை எழுதினார். நாவலாசிரியர் நபகோவ் அந்த வருஷங்களில் இந்த ஊரின் ஹோட்டல் ஒன்றில்தான் நிரந்தரமாகத் தங்கியிருந்தார். பணக்காரர்களும் நோயாளிகளும் ஓய்வெடுக்கப் போகிற அமைதியான ஊர்.

ஏரிக்கரையில் 1881இல் திறந்த ஒரு கேசினோ இருந்தது. சூதாட்டம் மட்டுமல்ல, அதற்குள் கச்சேரி மண்டபமும் உண்டு. 1967இல் அங்கே ஜாஸ் விழாவைத் தொடங்கிய க்ளோட் நோப்ஸ் என்பவர், சமையல் தொழில் பயின்றுவிட்டு அந்த ஊர் சுற்றுலா அலுவலகத்தில் கணக்கு பார்த்தவர். சங்கீதப் பைத்தியம். ஊருக்குப் பயணிகளை வரவழைக்க வேண்டும் என்ற சாக்கில், தனக்குப் பிடித்தவர்களை எல்லாம் உலகின் மூலைமுடுக்குகளிலிருந்து வரவழைத்தார். இப்படி ஒரு அதிகாரி எந்த ஆபீசிலும் ஒருவர்தான் இருப்பார்.

டீப் பர்ப்பிள் அங்கே போனதற்கும் ஒரு சின்னக் காரணம் உண்டு. அவர்களுடைய பாடகர் இயான் கில்லனுக்கு அந்த வருஷம் மஞ்சள் காமாலை வந்து அமெரிக்கச் சுற்றுப்பயணம் ரத்தானது. கையில் நேரம் கிடைத்தது. சாதாரண ஸ்டூடியோவில் மூச்சு முட்டுகிறது, மேடையில் வாசிப்பது போன்ற ஓசை வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. குளிர்காலத்துக்காகக் கேசினோவை மூடப்போகிறார்கள், காலி மண்டபத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரு பெரிய லாரிக்குள்ளேயே ஒலிப்பதிவுக் கூடம் கட்டி வைத்திருந்தது. அதை வாடகைக்கு எடுத்து ஐந்து பேரும் வந்து இறங்கினார்கள். மண்டபத்தில் பாக்கி இருந்தது ஒரே ஒரு கச்சேரி, அமெரிக்கக் கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவுடையது. அது முடிந்தால் மண்டபம் இவர்கள் கையில்.

கச்சேரி பிற்பகலில் நடந்தது. டீப் பர்ப்பிள்காரர்களும் பார்க்கப் போயிருந்தார்கள். இரண்டாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம், பெரும்பாலும் இளவட்டம். கச்சேரி முடியப் போகிற சமயம், 'கிங் காங்' என்ற உருப்படியின் நடுவில், கூட்டத்திலிருந்த ஒருவன் ஃப்ளேர் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டான். கப்பல்காரர்கள் ஆபத்துக் காலத்தில் வானத்தில் வெளிச்சம் காட்ட வைத்திருப்பார்களே, அது. கூரை பிரம்பும் மூங்கிலும் வேய்ந்த அலங்காரக் கூரை. பற்றிக்கொண்டது.

இந்த இடத்தில் என்னால் பாட்டுக் கேட்பவனாக மட்டும் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும். மூங்கில் அலங்காரம், பிதுங்கும் கூட்டம், ஒரு வேடிக்கைத் தீப்பொறி. சர்வீசில் இருந்தபோது கல்யாண மண்டபம், சினிமாக் கொட்டகை, பந்தல் என்று எத்தனையோ இடங்களை ஆய்வு செய்திருக்கிறேன். ஒரு மண்டபத்தில் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டு, அதன் முன்னால் அரிசி மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். சாவி எங்கே என்றால், "மேனேஜர் வீட்டில இருக்கு சார்" என்றார் காவலாளி. ரிப்போர்ட்டில் எழுதினேன். அடுத்த வருஷம் போனால் மூட்டைகள் இடம் மாறியிருந்தன, பூட்டு மாறவில்லை. மோன்த்ரேயிலும் வழிகள் போதவில்லை என்று ஜாப்பா பிற்பாடு தன் புத்தகத்தில் குறைப்பட்டிருக்கிறார்.

ஆனால் அங்கே முதல் சில நிமிஷங்கள் யாரும் பதறவில்லை என்பதுதான் ஆச்சரியம். ரசிகர் ஒருவர் அன்று பதிவு செய்த ஒலிநாடா கிடைக்கிறது, பின்னாளில் வெளியீடாகவும் வந்தது. இசை நிற்கிறது. மேடையிலிருந்து ஒருவர் தமாஷ்கூடச் செய்கிறார்: தலையில் நெருப்புக் கிரீடம் வைத்துப் பாடும் ஆர்தர் பிரவுன் நேரிலேயே வந்துவிட்டார் என்று. பிறகு ஜாப்பா மைக்கில், அமைதியாக வாசலை நோக்கி நடங்கள் என்று சபையைக் கேட்டுக்கொள்கிறார். தலைவன் என்றால் அந்த நேரத்தில் அப்படிப் பேசத் தெரிய வேண்டும். அவர் கத்தியிருந்தால் மிதிபட்டே எத்தனை பேர் போயிருப்பார்களோ.

பெரிய கண்ணாடி ஜன்னல்களை உடைத்து வழி உண்டாக்கினார்கள். சில பிள்ளைகள் புகைக்குப் பயந்து, கீழ்த்தளம்தான் பத்திரம் என்று நினைத்து அங்கே போய் ஒளிந்துகொண்டார்கள். தீ விபத்தில் ஆளைக் கொல்வது பல நேரம் இந்த நினைப்புதான். க்ளோட் நோப்ஸ் எரிகிற கட்டடத்துக்குள் ஓடி ஓடிப் போய் அவர்களை இழுத்து வந்தார். பாட்டில் அவர் பெயருக்கு முன்னால் ஒரு செல்லப் பட்டத்தைச் சேர்த்து, உள்ளேயும் வெளியேயும் ஓடினார் என்று எழுதி வைத்தார்கள். எத்தனையோ ராக் பாடல்களில் காதலிகள் பெயர் வருகிறது. சுற்றுலா அலுவலக ஊழியர் ஒருவர் பெயர் வருவது எனக்குத் தெரிந்து இதில்தான்.

கட்டடம் முழுவதும் போயிற்று. ஆள் ஒருவர்கூடச் சாகவில்லை.

துப்பாக்கி சுட்டவன் கூட்டத்தோடு நழுவிவிட்டான். எங்கள் பாஷையில் ப்ராக்ஸிமேட் காஸ் என்போம், நஷ்டத்துக்கு உடனடிக் காரணம். பாட்டில் அவனை ஒரு முட்டாள் என்கிற பொருளில் ஒரே சொல்லால் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து போகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் முழுக்க அந்தப் பட்டத்தைச் சொல்லிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கோர்ட்டு தண்டனையும் இவ்வளவு நீளம் போகாது.

ஜாப்பாவின் கதைதான் பரிதாபம். குழுவின் வாத்தியங்கள் அத்தனையும் எரிந்துபோயின. வாடகை வாத்தியங்களோடு பயணத்தைத் தொடர்ந்தார்கள். ஆறே நாளில், டிசம்பர் 10, லண்டன் ரெயின்போ அரங்கில், பார்வையாளன் ஒருவன் மேடையேறி அவரைக் கீழே இருந்த வாத்தியக்காரர் பள்ளத்தில் தள்ளிவிட்டான். எலும்பு முறிந்து மாதக்கணக்கில் சக்கர நாற்காலி. தொண்டையில் பட்ட அடியால் குரலே கனத்துப்போனது. ஒரே வாரத்துக்குள் ஒரு மனிதனுக்கு இரண்டு பைத்தியக்காரர்கள்! 1993இல் புற்றுநோயில் அவர் காலமான தேதியைப் பார்த்தால், அதுவும் டிசம்பர் 4. நான் ஜாதகம் பார்க்கிறவன் அல்ல, இருந்தாலும் காலண்டரை இரண்டு முறை பார்த்தேன்.

டீப் பர்ப்பிள்காரர்களின் சாமான்கள் தப்பின, லாரியும் தப்பியது. அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் திரும்பி, ஜன்னல் வழியே கேசினோ எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய காற்று தீயை விசிறிவிட்டது. புகை மேலே போகாமல் ஏரி மீது படலமாக விரிந்து கிடந்தது. சில நாள் கழித்து, பேஸ் கிட்டார் வாசிக்கும் ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து விழித்தபோது அந்த நான்கு சொற்கள் தம் வாயிலிருந்தே வந்தன என்று சொல்லியிருக்கிறார். கில்லனிடம் சொன்னார். நல்ல தலைப்புதான், ஆனால் போதைமருந்துப் பாட்டு மாதிரி இருக்கிறதே என்று கில்லன் தயங்கினாராம். ஆக, எங்கள் ஹாஸ்டல் கஞ்சாக் கட்சிக்காரன் நினைத்ததைப் பாட்டை எழுதியவர்களே முதலில் நினைத்திருக்கிறார்கள். அவனைக் கண்டால் சொல்ல வேண்டும்.

மண்டபம் போனது. செலவு ஓடிக்கொண்டிருக்கிறது, வாடகை லாரி சும்மா நிற்கிறது. அந்த நேரத்திலும் நோப்ஸ்தான் அலைந்து பெவிலியன் என்ற பழைய அரங்கத்தை ஏற்பாடு செய்து கொடுத்தார். தன் ஜாஸ் விழா நடக்கும் இடமே சாம்பலாகிக் கிடக்கும்போது, பிறத்தியார் வேலை கெடக்கூடாது என்று ஓடியிருக்கிறார்.

பெவிலியன் ஊருக்கு நடுவில் இருந்தது. ராத்திரி நேரத்தில் இவர்கள் வாசித்த சத்தத்தில் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தூக்கமில்லை. போலீசுக்குப் புகார் போனது. போலீஸ் வந்து கதவைத் தட்டுகிறது. இவர்களுடைய உதவியாளர்கள் உள்ளேயிருந்து கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பதிவு பாதியில் நின்றுவிடக் கூடாதென்று. அப்படிக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் பதிவான மெட்டுதான் ரிச்சி பிளாக்மோரின் இந்தக் கிட்டார்த் துண்டு. அப்போது அதற்கு வார்த்தை கிடையாது, பெயர் கிடையாது. ஒரு நம்பர் போட்டு நாடாவை எடுத்து வைத்தார்கள். பெவிலியனும் கையைவிட்டுப் போனது.

மறுபடி இடம் தேடல். கடைசியில் கிடைத்தது, குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல். ஆளில்லாத பெரிய கட்டடம், எலும்பை உறைய வைக்கும் குளிர். தரைத்தளத்தில் நடைபாதைகள் சந்திக்கிற இடத்தில் வாத்தியங்களை அமைத்தார்கள். ஹோட்டல் மெத்தைகளைச் சுவரோரம் நிறுத்தி எதிரொலியை அடக்கினார்கள். லாரி வெளியே நின்றது. பதிவானதைக் கேட்க வேண்டுமென்றால் அறைகளுக்குள் புகுந்து, பால்கனி தாண்டி, பனியில் சுற்றிப் போக வேண்டும். இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு அலுத்துப்போனார்கள். லாரிக்குள் உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் நன்றாக வந்தது என்றால் சரி, அடுத்த பாட்டு. அந்த ஆல்பத்தில் ஒரு துடிப்பு இருக்கிறதென்றால், திரும்பக் கேட்டுத் திரும்பத் திருத்துகிற வசதி இல்லாமல் போனதும் அதற்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். கடிதத்தைத் திரும்பப் படிக்காமல் தபாலில் போட்டுவிடுவது மாதிரி.

டிசம்பர் 21க்குள் வேலை முடிய வேண்டும். கணக்குப் பார்த்தால் இசைத்தட்டின் நீளத்துக்கு ஒரு பாட்டு குறைந்தது. அப்போதுதான் பெவிலியனில் எடுத்த நம்பர் நாடா ஞாபகம் வந்தது. மெட்டு இருக்கிறது, வார்த்தை வேண்டும். குளோவரிடம் ஒரு தலைப்பு தயாராக இருந்தது. எதைப் பற்றி எழுதுவது? இங்கே நமக்கு நடந்ததையே எழுதினால் என்ன? அவரும் கில்லனும் உட்கார்ந்து, கேசினோ, தீ, நோப்ஸ், லாரி, குளிர்ந்த ஹோட்டல் என்று நடந்த வரிசையிலேயே எழுதிவிட்டார்கள். இட்டு நிரப்ப எழுதியது. நாங்கள் வருஷக் கடைசியில் ஃபைல் முடிக்க எழுதுவோமே, அந்த மாதிரி.

எழுதியவர்களுக்கே அதன் அருமை தெரியவில்லை. ஊரை விட்டுக் கிளம்பும் முன் நோப்ஸுக்கு நன்றி சொல்லும் விதமாக அதைப் போட்டுக் காட்டினார்களாம். இதைப் போய்ச் சின்ன விஷயம் என்கிறீர்களே, இதுதான் பெரிய பாட்டாக வரப்போகிறது என்று அவர்தான் சொன்னார். 'மெஷின் ஹெட்' ஆல்பம் 1972 மார்ச்சில் வந்தபோது, தனி இசைத்தட்டாக அவர்கள் நம்பி வெளியிட்டது 'நெவர் பிஃபோர்' என்ற வேறொரு பாட்டை. அதை இன்று யாருக்கு ஞாபகம்? 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தனித்தட்டாக வந்தது 1973இல்தான். அமெரிக்காவில் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. சமையல்காரராகத் தொடங்கியவருக்கு ருசி தெரிந்திருந்தது.

அந்தத் துண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாடிப் பையன் புண்ணியத்தில் தினமும் கேட்டுக் கேட்டு ஸ்வரம் பிடித்துப் பார்த்தேன். ஷட்ஜத்தை அவர்கள் சுருதியில் வைத்தால் ச க ம. ச க, பிறகு பிரதி மத்யமத்தைத் தொட்டுச் சுத்த மத்யமத்துக்கு இறக்கம். மறுபடி ச க ம க ச. காந்தாரம் சாதாரணம். இரண்டு மத்யமமும் ஒட்டி ஒட்டி வருவதுதான் அதிலுள்ள கடி. அதோடு ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் கீழே நான்காவது ஸ்தானத்தையும் சேர்த்து இரண்டு தந்திகளாக ஒலிக்க வேண்டும், அதுவும் பிளாக்மோர் செய்தது போல் வில்லை இல்லாமல் விரலால் இழுத்து. பையன் வில்லையால் தட்டுகிறான். அதுதான் மனைவிக்குத் தலைவலி.

முதலில் கிட்டார் தனியாக வருகிறது. அப்புறம் தாளத்தட்டு, ஜான் லார்டின் ஆர்கன், டிரம்ஸ், கடைசியாகப் பேஸ் என்று ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். ஹாஸ்டலில் அந்தப் பேஸ் நுழையும் இடத்துக்காகவே கேசட்டைத் திருப்பித் திருப்பிச் சுற்றுவோம். நாடா தேய்ந்து அந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் தள்ளாடும். இன்றைக்கும் சுத்தமான ஒலியில் கேட்கும்போது அந்தத் தள்ளாட்டம் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

கேசினோவை மறுபடி கட்டி 1975இல் திறந்தார்கள். அதனுள் அமைந்த ஒலிப்பதிவுக்கூடத்தை 1979இல் குவீன் குழு வாங்கியது. அந்தக் குழுவின் ஃபிரெடி மெர்க்குரி, நம் பஞ்ச்கனியில் பள்ளிக்கூடம் படித்த பார்சிப் பிள்ளை, இன்று அதே ஏரிக்கரையில் வெண்கலச் சிலையாக நிற்கிறார். 1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரும் பூகம்பம் வந்தபோது, நிவாரண நிதிக்காக இங்கிலாந்தின் ராக் கலைஞர்கள் பலர் கூடி ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். கில்லனும் பிளாக்மோரும் அதில் உண்டு. நோப்ஸ் கடைசி வரை தம் விழாவை நடத்தினார். 2012 கிறிஸ்துமஸ் சமயம் பனிச்சறுக்கில் விழுந்து நினைவிழந்து, 2013 ஜனவரியில் காலமானார்.

போன ஞாயிற்றுக்கிழமை லிஃப்டில் பையனைப் பார்த்தேன். கையில் கிட்டார் உறை.

"தம்பி, தினமும் வாசிக்கிறியே, அது எந்த ஊர்ப் பாட்டுன்னு தெரியுமா?"

"தெரியாது தாத்தா. உங்களுக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியுமா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தான்.

லிஃப்ட் மூன்றாவது மாடிக்குப் போய் நின்ற பிறகும் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டான். கூரை பற்றியது, கண்ணாடியை உடைத்தது, நோப்ஸ் உள்ளே ஓடியது எல்லாம். லிஃப்ட் கீழிருந்து யாரோ கூப்பிட்டு மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாருமே சாகலையா தாத்தா?"

"ஒருத்தர்கூட இல்லை."

அன்று சாயங்காலமும் ஆறு மணிக்கு ஆரம்பித்தான். கொஞ்சம் நிதானமாக வாசித்தான் என்று எனக்குத் தோன்றியது. வில்லையை இன்னும் விடவில்லை.